மூன்று ஆணிக் கதவு

இயக்குநரின் தோள்பட்டை எலும்பைச் சுத்தியலால் உடைத்தவள் நான். ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நடுவில் எங்காவது நீங்கள் என்னைப் பாவம் என்று நினைத்துவிடுவீர்கள். அவனுக்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆனால் எதற்காக அடித்தேனோ அதை அவன் செய்யவில்லை என்று மறுநாள் தெரிந்தது.

என் தொழில் சினிமாவுக்கு ஊர் கட்டுவது. படம் முடிந்ததும் பிரித்துப் போடுகிற ஊர்கள். சிறைச்சாலை, ரயில் நிலையம், அரண்மனை, ஒருமுறை ஒரு முழுச் சுடுகாடு, எல்லாம் கட்டியிருக்கிறேன். முன்னால் நின்று பார்த்தால் நூறு வருடத்துச் சுவர். பின்னால் போனால் ப்ளைவுட்டும் சாரமும் எவனோ குடித்துவிட்டு வைத்த டீக் கோப்பையும். இருபது வருடமாக இந்தப் பொய்யைத்தான் செய்கிறேன், அதில் எனக்குக் கர்வம் உண்டு. கர்வம் என்று சும்மா சொல்லவில்லை. அதனால்தான் நான்கு பேர் செத்தார்கள், அதில் ஒருவன் என் தம்பி.

இயக்குநர் ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்து என் வரைமேஜையில் போட்டான். அவனை அவன் இவன் என்றுதான் எழுதுவேன், சார் சார் என்று கூப்பிட்ட காலம் முடிந்தது. திரைக்கதைக் காகிதத்தைச் சுருட்டி உதவியாளர்களின் பிடரியில் அடிப்பான். படக்குழுவில் அவனுக்குப் பிரம்பு என்று பெயர். அடி வாங்கியவர்கள் இளித்துக்கொண்டே பிடரியைத் தடவிக்கொள்வார்கள். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"நாப்பத்தி ரெண்டாம் பக்கம். பத்தொன்பது வரி. இந்த ஊர் எனக்கு வேணும். ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றான்.

அந்தப் பக்கத்தைப் படித்தேன். எழுதியவர் செத்துப்போய் எத்தனையோ வருடம் ஆகிறது. அப்படி ஒரு ஊர் உலகத்தில் எங்கும் இல்லை. அந்த ஊரின் சந்துகளில் காலை வெயில் தரையைத் தொடாதாம். ஏணி தூக்கி வருகிறவன் முனையில் திரும்ப முடியாமல் ஏணியை இறக்கி வைப்பானாம். காவல்காரனின் செருப்புச் சத்தம் முதலில் தலைக்கு மேல்தான் கேட்குமாம். கடைசி மூன்று வரிகள் எனக்கு இப்போதும் மனப்பாடம்: 'சுவருக்கும் கதவுக்கும் அங்கே ஒரே நிறம். எது கதவு என்று அந்த ஊரில் பிறந்தவனுக்கு மட்டும் தெரியும். மற்றவன் சுவரைத் தட்டித் தட்டியே சாவான்.'

இதில் ஒரு இடத்திலும் அடிக்கணக்கு இல்லை. ஆனால் எனக்கு அளவுகள் கண்ணில் தெரிந்தன. பதினைந்தடி ஏணி திரும்பாது என்றால் சந்தின் அகலம் ஐந்தடி. ஐந்தடிச் சந்தில் வெயில் தரைக்கு வரக் கூடாது என்றால் சுவர் பதினைந்தடியாவது எழும்ப வேண்டும். செருப்புச் சத்தம் மேலே கேட்கிறது, ஆகவே சுவர்களின் மேல் காவல்காரர்கள் நடக்க ஒரு பாதை. நடுவில் ஒரு சதுக்கம், அதிலிருந்து நான்கு சந்துகள், ஒவ்வொரு சந்தின் முடிவிலும் ஒரு பெரிய வாயில். நூற்றி நாற்பது கதவுகள், அத்தனையும் சுவரோடு சுவராக, ஒரே சாம்பல் நிறத்தில். மூன்று வாரம் சோறு தண்ணீர் மறந்து வரைந்தேன். அட்டையில் சின்ன மாதிரி செய்து முடித்த அன்று நானே அதன் எதிரில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

என் தம்பிக்குச் சினிமாவில் பஞ்சு என்று பெயர். சண்டைக் கலைஞன். பன்னிரண்டு வருடமாக மாடியிலிருந்து விழுகிறான், கண்ணாடியில் பாய்கிறான், ஒரு எலும்பு முறிந்ததில்லை. பஞ்சு மூட்டை மாதிரி விழுவதால் அந்தப் பெயர். என் வீட்டு மாடியறையில்தான் இருந்தான், என் டிபன் பாக்ஸையே தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவான். அட்டை மாதிரியைப் பார்த்ததும் இரண்டு விரல்களைக் கால்களாக்கிச் சந்துக்குள் நடக்கவிட்டான்.

"அக்கா, இது ஊரா எலிப்பொறியா?"

"வாயை மூடு. இலக்கியம்டா இது."

"இலக்கியத்துல வெளிய போற வழி எங்க இருக்குன்னு எழுதலையா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அது தொழில் கேள்வி. செட்டில் நிஜமாகத் திறக்கிற கதவுக்கு ஒரு அடையாளம் வைப்பது எங்கள் வழக்கம். கதவின் அடியில், கால் உயரத்தில், நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு. கேமராவுக்குத் தெரியாது, நடிக்கிறவனுக்குத் தெரியும். நூற்றி நாற்பதில் ஆறு கதவுகளை நான் திறக்கிற கதவாகத்தான் வைத்திருந்தேன். சதுக்கத்தில் இரண்டு, சந்துக்கு ஒன்று. தள்ளினால் செட்டின் பின்பக்கம் வந்துவிடலாம். ஆறிலும் நீலக் கோடு போட்டேன்.

சதுக்கத்தில் கூடிய கூட்டத்தைக் காவல்காரர்கள் தடியால் அடித்து விரட்டுவதுதான் அங்கே எடுக்கப்போகிற காட்சி. அதன் ஒத்திகைக்கு முன் பிரம்பு செட்டைச் சுற்றிப் பார்க்க வந்தான். சந்துக்குள் போய்ச் சுவரைத் தடவினான். கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது. பிறகு நீலக் கோட்டைப் பார்த்தான்.

"இது என்ன?"

"திறக்கிற கதவு சார். கூட்டம் பெருசு, ஏதாவது ஆச்சுன்னா..."

"இருநூத்தி இருபது பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு நிப்பான். பயமா நடிப்பான்? மாட்டான். பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரி நிப்பான்." காலால் கோட்டைத் தேய்த்து அழித்தான். "நீ இந்தப் பக்கத்தைப் படிச்சவ. எது கதவுன்னு தெரியக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு? ஊரை இவ்வளவு சரியா கட்டிட்டு இதுல போய்க் கோட்டை விடலாமா?"

அவன் என்னை மிரட்டவில்லை. புகழ்ந்தான். மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். புகழ்ந்ததும் உச்சி குளிர்ந்துபோய், மீதி ஐந்து கோடுகளையும் நானே ஈரத்துணியால் துடைத்தேன்.

ஆனால் இருபது வருடப் பழக்கம் சும்மா விடவில்லை. எங்கள் கதவுகளுக்கு நிலையின் ஓரத்தில், மேலிருந்து கீழாக, சாண் இடைவெளியில் நான்கு ஆணிகள். நாணயம் அளவுக்குக் குமிழ்த் தலை. அவை அழகுக்கு மட்டும் இல்லை, போலிக் கதவை நிலையோடு சேர்த்துப் பிடிப்பதும் அவைதான். திறக்கிற ஆறு கதவுகளில் மட்டும் நான் ஒரு வேலை செய்தேன். மூன்று ஆணிகளைப் பாதியாக வெட்டி, கதவைத் தொடாதபடி நிலையில் மட்டும் அடித்தேன். நான்காவது ஆணியை, இடுப்பு உயரத்தில் வருவதை, அடிக்கவே இல்லை. கையால் தடவினால் தெரியும். கேமராவில் எவனும் எண்ணப் போவதில்லை.

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பிரம்பின் காதுக்குப் போகும். தச்சர் பின்பக்கம் கீல் போட்டார், அவருக்கும் முன்னால் ஆணி எத்தனை என்று தெரியாது. பஞ்சுவுக்கு மட்டும் சொன்னேன். கூட்டத்தில் முதல் அடி வாங்கி விழுகிறவன் அவன்தான்.

பஞ்சுவுக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் ஜுரம் வரும். அதனால் என் வரைமேஜையின் விளிம்பில் ஒரு பக்கம் மூன்று ஆணி, இன்னொரு பக்கம் நான்கு ஆணி அடித்து, அவன் கண்ணைக் கட்டித் தடவி எண்ணச் சொன்னேன்.

"மூணு... இது நாலு... அக்கா, எனக்கு முப்பத்தி ஒரு வயசு. இதைப் பார்த்தா எவனாவது பொண்ணு குடுப்பானா?"

"மறுபடி."

"நாலு. மூணு. போதுமா? கேக்குறேன்னு நினைக்காத, கதவைத் தள்ளிப் பார்த்தாலே தெரிஞ்சுடுமே. எதுக்கு ஆணி எண்ணணும்?"

"நூத்தி நாப்பது கதவுடா. ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டு நின்னா பின்னாடி வர்றவன் உன்மேல ஏறிடுவான். கை வை, எண்ணு. மூணுன்னா தள்ளு. நாலுன்னா நிக்காத. போயிட்டே இரு."

"மூணுன்னா தள்ளு, நாலுன்னா நிக்காத" என்று பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினான். அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்டபோதும் அதே ராகத்தில்தான் பதில் சொன்னான். தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

படப்பிடிப்பு அன்று காலை வெளிச்சம் வந்ததும் செட்டுக்குப் போனேன். பின்பக்கமாகச் சுற்றி ஆறு கதவுகளின் கீல்களுக்கும் எண்ணெய் விட்டேன். ஒன்றை இழுத்துப் பார்க்கலாம் என்று கை வைத்தபோது முன்பக்கத்திலிருந்து பெயிண்டர் மேஸ்திரி சத்தம் போட்டார். "யாரது? ஆட்டாதீங்க! சாயம் ஈரமா இருக்கு!"

செட்டில் ஒரு சுவருக்கு இரண்டு ராஜ்யம். முன்பக்கம் பெயிண்டருடையது, பின்பக்கம் தச்சருடையது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைத்தால் ஜென்மப் பகை. அதிலும் எங்கள் மேஸ்திரி ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் திரும்பி வந்து வைக்கிற மனிதர். பதினான்கு படங்களில் அவர் கை வேலையில் ஒரு குறை நான் கண்டதில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கூட்டத்தை உள்ளே விட்டார்கள். ஆண்களும் பெண்களுமாக இருநூற்றி இருபது பேர். காவல்காரர்களாகப் பஞ்சுவின் குழுவைச் சேர்ந்தவர்கள்தான் நடிக்க வேண்டும், ஒத்திகையிலும் அவர்கள்தான் ரப்பர் தடியோடு ஓடினார்கள். ஆனால் அன்று புதிதாக ஒரு லாரி வந்தது. நாற்பது தடியர்கள் இறங்கினார்கள். எவனும் சண்டைக் கலைஞன் இல்லை. கையில் இருந்தது ரப்பரும் இல்லை. சண்டை மாஸ்டர் பிரம்பிடம் ஓடிப்போய் எதையோ கத்தினார், இரண்டு பேர் அவரைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போனார்கள். பிரம்பு அந்தத் தடியர்களிடம் என்ன சொன்னான் என்று பிறகு எல்லோரும் சாட்சி சொன்னார்கள். "முதல் அடி நிஜமா விழணும். அப்புறம் மத்தவன் தானா நடிப்பான்."

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நான் சுவருக்குப் பின்னால் சாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான்கு வாயில்களையும் வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள், அது காட்சிக்குத் தேவை. புகையை விட்டார்கள். மேலே செருப்புச் சத்தம் கேட்டது, புத்தகத்தில் எழுதியிருந்தபடியே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு முதல் அடி.

நடிகன் அடிபட்டுக் கத்துவதற்கும் மனிதன் அடிபட்டுக் கத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. நடிகன் வாயைத் திறந்து கத்துவான். நிஜமாக அடிபட்டவனுக்கு முதலில் சத்தமே வராது, பக்கத்தில் இருக்கிறவன்தான் கத்துவான். அன்று பக்கத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள். சாரத்தின் இடுக்கில் கண் வைத்துப் பார்த்தேன். சதுக்கத்தின் நடுவில் பஞ்சு நின்றிருந்தான். விழவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவனுக்கு விழத் தெரியவில்லை. தடி அவன் நெற்றியைப் பிளந்திருந்தது, இரண்டு கண்ணிலும் ரத்தம் இறங்கியது. துடைத்தான், மறுபடி இறங்கியது. அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், விரல் இடுக்கில் பற்கள் விழுந்தன. ஒரு பெண்ணின் முழங்கை தப்பான பக்கம் மடங்கித் தொங்கியது. தடியர்கள் நிறுத்தவில்லை. முதல் அடி மட்டும் என்றுதான் சொல்லியிருந்தானாம். ரத்தம் பார்த்தபின் இரண்டாவது அடியை யார் எண்ணுகிறார்கள்? குனிந்தவர்களின் முதுகில் அடித்தார்கள், விழுந்தவர்களின் விலாவில் மிதித்தார்கள். மைக்கில் பிரம்பின் குரல் கேட்டது. "அருமை! அருமை! நிறுத்தாதே!"

கூட்டம் உடைந்தது. மனிதர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்களோ அதே வழியாகத்தான் ஓடுவார்கள். நான்கு சந்துகளிலும் வாயிலை நோக்கி ஓடினார்கள். ஐந்தடி அகலம். நான் அளந்து வைத்த ஐந்தடி. முதலில் போனவர்கள் தாழ்ப்பாள் போட்ட வாயிலில் மோதினார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதினார்கள், அதற்கும் பின்னால் தடி.

கீழே குதித்தேன். பின்பக்கமாக ஓடி மூன்றாம் சந்தின் கதவை இழுத்தேன். வரவில்லை. எண்ணெய் விட்ட கீல், நான் வைத்த கதவு, வரவில்லை. ஒரு முறைதான் இழுத்தேன். அடைத்துவிட்டான் பாவி என்று அந்த நொடியில் முடிவு கட்டிவிட்டேன். தச்சரின் பெட்டியிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு சந்தின் கோடிக்கு ஓடினேன். வாயிலின் தாழ்ப்பாள் நெரிசலில் வளைந்து நகரவில்லை. பக்கத்துச் சுவர் எனக்கு முன்னால் வயிறு மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் அடித்தால் எந்தச் சட்டம் பிரியும் என்று எனக்குத் தெரியாதா? நான் பெற்ற ஊர் அது. அடித்தேன். நான்காவது அடியில் சட்டம் பிரிந்தது, ப்ளைவுட் கிழிந்தது, மனிதர்கள் என்மேல் கொட்டினார்கள். மிதித்துக்கொண்டு போனார்கள். என் இடது கை விரல் இரண்டு நசுங்கியது அப்போதுதான். எழுந்து அடுத்த சட்டத்தை உடைத்தேன். மேஸ்திரி எங்கிருந்தோ ஓடிவந்து வெறும் கையால் ப்ளைவுட்டைப் பிய்த்தார், அவருடைய உள்ளங்கை முழுக்கச் சிராய் ஏறி ரத்தம் வடிந்தது. இருவருமாக ஆட்களை இழுத்துப் போட்டோம். சிலர் இருமினார்கள். சிலர் இருமவில்லை.

பஞ்சு அடியில் இருந்தான். வாயிலை ஒட்டி, இரண்டு பேருக்குக் கீழே. முகத்தில் காய்ந்த ரத்தத்துக்கு மேல் புது ரத்தம். மார்பு உள்ளே போயிருந்தது. நான் வாயில் ஊதினேன், நெஞ்சை அழுத்தினேன், கன்னத்தில் அறைந்தேன். விளையாடாதடா என்று சொன்னேன். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் விழுந்து கிடப்பான், நான் பயந்ததும் கண்ணைத் திறந்து சிரிப்பான். மறுபடி அறைந்தேன்.

அவனை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது சந்துக்குள் என் கதவு தெரிந்தது. நிலையில் ஆணிகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது ஆணி இடுப்பு உயரத்தில் புதிதாகப் பளபளத்தது.

சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தேன். பிரம்பு கேமரா மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பக்கத்தில் வந்த கேமராக்காரரிடம் அவன் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. "சுவர் உடைஞ்சது கிடைச்சுதா?"

"கதவை ஏன்டா அடைச்சே?" என்றேன்.

"எந்தக் கதவு?" என்றான்.

நடிக்கிறான் என்று நினைத்தேன். அடித்தேன். தலைக்குத்தான் ஓங்கினேன், அவன் நகர்ந்ததால் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு முன் தச்சர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டார்.

என் விரல்களுக்குக் கட்டுப் போட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தாழ்வாரத்தில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முழங்கையில் மாவுக்கட்டு. கூட்டத்தில் இருந்தவள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"நீங்க பஞ்சு அண்ணனோட அக்காதானே? அவருதான் என்னைய இழுத்துக்கிட்டு வந்தாரு. கண்ணே தெரியலை அவருக்கு. ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சுவரைத் தடவிக்கிட்டே வந்தாரு. ஒவ்வொரு கதவா தடவி ஏதோ எண்ணுனாரு அக்கா. 'நாலு'ம்பாரு, அடுத்த கதவுக்குப் போவாரு. மறுபடி 'நாலு'. சதுக்கத்துல எண்ணுனாரு, சந்துக்குள்ள வந்தும் எண்ணுனாரு. 'எங்க அக்கா வெச்சிருப்பா, எங்க அக்கா வெச்சிருப்பா'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. என்ன அக்கா வெச்சிருந்தீங்க?"

காவலர் ஒருவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

மறுநாள் காலை ஆய்வாளர் என்னைச் செட்டுக்கு அழைத்துப் போனார். நிதானமான மனிதர். "இயக்குநர் மேல வேற வழக்கு இருக்கும்மா. தடி குடுத்தது, அடிக்கச் சொன்னது, எல்லாத்துக்கும் சாட்சி இருக்கு. கதவை அடைச்சதும் அவருதான்னு நீங்க சொல்றீங்க. அவரு இல்லைங்கறாரு. எந்தக் கதவு, எப்படி அடைச்சாருன்னு காட்டுங்க" என்றார்.

மேஸ்திரியையும் தச்சரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரியின் இரண்டு கைகளிலும் கட்டு. செட்டில் செருப்புகளும் ஒரு கண்ணாடியும் கிழிந்த துணிகளும் கிடந்தன. மூன்றாம் சந்தின் கதவைக் காட்டினேன். பின்னால் கட்டை வைத்து அடித்திருப்பார்கள், அதைப் பார்த்தால் ஆய்வாளருக்கே புரியும் என்று நினைத்தேன்.

ஆய்வாளர் கதவில் தோளை வைத்தார். உதைக்கவில்லை. சும்மா ஒரு தள்ளு. நிலையிலிருந்து ஒரு ஆணி பிதுங்கிக் கீழே விழுந்தது, கதவு கிறீச்சென்று கூடச் சொல்லாமல் திறந்துகொண்டது. நான்தானே கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தேன்.

"இதுவா அடைச்சிருந்ததுன்னு சொன்னீங்க?" என்றார்.

ஒரே ஒரு ஆணி. நான் பின்னாலிருந்து இன்னொரு முறை இழுத்திருந்தால் வந்திருக்கும். பஞ்சு அதன்மேல் சாய்ந்திருந்தால் போதும். அவன் சாயவில்லை. கை வைத்தான், எண்ணினான், நான்கு என்றதும் போய்விட்டான். நாலுன்னா நிக்காத என்று சொன்னவள் நான். கதவைத் தள்ளிப் பார்த்தாலே தெரியுமே என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்றவளும் நான்தான்.

மேஸ்திரி குனிந்து, கட்டுப் போட்ட கையால் சிரமப்பட்டு அந்த ஆணியைப் பொறுக்கினார்.

"இது நான் அடிச்சது சார்" என்றார். "நேத்து காலைல கடைசியா ஒரு தடவை சுத்திப் பார்த்தேன். ஆறு கதவுல ஒவ்வொரு ஆணி குறைஞ்சுது. நம்ம அம்மாடி இவங்க ராப்பகலா கண்ணு முழிச்சுக் கட்டுன ஊரு. இதுல ஒரு குறைன்னு எவனும் சொல்லிடக் கூடாதேன்னு பெட்டியிலிருந்து எடுத்து நானே அடிச்சுட்டேன். முன்னாடியிருந்து பார்த்தா எல்லாம் போலிக் கதவாத்தானே தெரியுது." திறந்து கிடந்த கதவையும் அதன் கீலையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. "அம்மாடி... அது விட்டுப்போனதுதானே? வேற ஒண்ணும் இல்லையே?"

அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் கை எழுந்தது, பக்கத்தில் நின்ற காவலர் அதைப் பிடித்துக்கொண்டார். கை போனால் என்ன, வாய் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். அது அடையாளம் மேஸ்திரி, நீங்கள் அடித்த ஆறு ஆணிதான் என் தம்பியைக் கொன்றது. அந்தக் கட்டுப் போட்ட கைகளோடு அந்த மனிதர் அங்கேயே முடிந்திருப்பார். முந்தின நாள் நான் ஒருவனை ஆணி அடித்ததற்காக அடித்தேன். ஆணி அடிக்காதவனைத்தான் அடித்தேன் என்று இப்போது தெரிந்தது. ஆணி அடித்தவர் எதிரில் நிற்கிறார். அவர் செய்தது என்ன? என் ஊரில் குறை இருக்கக் கூடாது என்று நினைத்தார். நானும் அதையேதான் நினைத்தேன், கோட்டைத் துடைத்தபோது.

"விட்டுப்போனதுதான் அண்ணே" என்றேன். "நான்தான் மறந்துட்டேன். நீங்க அடிச்சது சரி."

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "இது கீல் வெச்ச கதவு. திறக்கிறதுக்கு வெச்சதுதானே?"

"முதல்ல அப்படித்தான் வெச்சோம். அப்புறம் மூடிடலாம்னு நான்தான் முடிவு பண்ணேன். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்போ உள்ளே இருநூத்தி இருபது பேரு. வெளிய வர ஒரு கதவுகூட வேண்டாம்னு முடிவு பண்ணது நீங்க. அப்படித்தானே எழுதணும்?"

தச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

"அப்படியே எழுதுங்க" என்றேன்.

இதனால் எத்தனை வருடம் என்று எனக்கு அப்போது தெரியாது, கேட்கவும் இல்லை. ஆய்வாளர் காரின் மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். மேஸ்திரி பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சுக்காகத்தான் சொன்னேன், ஆனாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். கையிலிருந்த ஆணியை அது விழுந்த ஓட்டையிலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பழக்கம். இரண்டடி பின்னால் போய் நேராக இருக்கிறதா என்றும் பார்த்தார்.

நான் மேலிருந்து கீழாக எண்ணினேன். நாலு. ஆய்வாளர் கூப்பிட்டார், போய்க் கையெழுத்துப் போட்டேன்.